முற்றத்து அணில்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமியாகும். அங்கே மானாவாரி உழவர் முற்றத்தில் உலர வைக்கும் விதைக்கடலையே வரும் பருவத்தின் நம்பிக்கை. கூரையிலிருந்து இறங்கும் மூவரி அணில் அக்கடலையை முன்கால்களாற் பற்றி, ஓட்டை உடைத்துப் பருப்பைத் தின்றுவிடும். நெசவாளர் வீட்டிலோ தலையணைப் பஞ்சையும் கழிவு நூலையும் கவ்விச் சென்று, ஓட்டு இறவாணத்திற் கூடு கட்டும்.

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்த ரமண மகரிஷி, பிற்காலத்தில் திருவண்ணாமலையில் தம்மை நாடி வந்த அணில்களுக்குக் கையாலேயே கடலை ஊட்டினார். விதையையே நம்பியிருப்போர்க்கு அத்துணைத் தாராளம் இயலாது. சினம் மிகுந்து பொறி வைப்பாரும் உளர். ஆயின் கூட்டினுள்ளே மயிர் முளையாத, கண் திறவாத குட்டிகள் இரண்டு மூன்று கிடக்கும். அவற்றைப் பேணுவது தாய் ஒன்றே. அது பொறியில் அகப்பட்டால் குட்டிகளும் பட்டினியால் மடியும்.

ஆதலின் அனுபவம் மிக்க இல்லத்தரசியர் குட்டிகள் வெளியேறும்வரை பொறுத்திருப்பர். பின்னர்க் கூட்டைக் கலைத்து, ஓட்டு இடுக்கை அடைத்து, கூரையைத் தொடும் வேப்பங்கிளையை வெட்டுவிப்பர். கடலைமேல் பழைய வலையை விரித்து, ஓரங்களிற் கல் வைப்பர். வலையையும் அணில் கடித்தறுக்கும் என்பதால், கையிற் கழியுடன் சிறுவன் ஒருவன் திண்ணையிற் காவல் இருப்பான்.