ஏழு நரம்பு

டித்வா புயல் போய் நான்கைந்து நாள் இருக்கும். 2025 டிசம்பர் தொடக்கம். வெல்லம்பிட்டிப் பக்கம் களனி கங்கையின் வெள்ளம் இன்னும் முழுதாக வடியவில்லை. உலர் உணவுப் பொதிகளோடு ஒரு சின்ன லொறியில் ஐந்து பேர் போனோம். பாதி வழியில் படங்கைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. என் மணிக்கட்டில் ஒரு பட்டி இருந்தது. பராசூட் கயிற்றில் பின்னி, பூட்டுவதற்குப் பிளாஸ்டிக் கிளிப் வைத்த பட்டி. சிவனொளிபாதமலைக்குப் போவதற்காக வாங்கியது. ஆபத்து வேளையில் பின்னலை அவிழ்த்தால் எட்டடிக் கயிறு கிடைக்கும், 250 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள்.

அந்த மழையில் அதை அவிழ்த்து முடிக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. படங்கின் மேல் போட்டு இரண்டாம் தடவை இறுக்கியபோது பட்டென்று அறுந்தது. ஒரு மூட்டை அரிசி சரிந்து வெள்ளத்தில் போனது. யாரோ ஒரு வீட்டின் ஒரு வாரச் சோறு அது. அறுந்த நுனியைப் பிரித்துப் பார்த்தேன். மேலே மினுங்கும் உறை, உள்ளே பஞ்சுபோல உதிரும் வெள்ளைத் தும்பு. வேறொன்றும் இல்லை.

கூட வந்த கொட்டாஞ்சேனை நண்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாளிகாவத்தையில ஒரு தாத்தா இருக்கிறா. கயித்த வெட்டி உள்ள எண்ணிப் பாக்காம பின்னமாட்டா. அவவிட்டக் கூட்டிக்கொண்டு போறன்."

யாழ்ப்பாணத்து, இந்தியத் தமிழ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இலங்கை முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அண்ணன், நானா.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில் ரயிலேறி மருதானையில் இறங்கினேன். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள். கழற்றிய எஞ்சின்களும் கதவுகளும் நடைபாதை வரை வந்து கிடந்தன. அதைத் தாண்டினால் மாளிகாவத்தை. வெளியூர்க்காரருக்கு இந்த இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் 1986இல் திறந்த ஆர். பிரேமதாச கிரிக்கெட் மைதானத்தைச் சொல்வார்கள். கொழும்பு முஸ்லிம்களுக்கு இது முதலில் மையவாடி இருக்கும் இடம். எனக்கு இனி இது தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் உள்ள ஓர் அறை.

அந்த அறையில் தையல் மெஷின், அரிசி வாளி, சுவரில் மக்கா படம், ஜன்னலோரம் ஒரு பாய். பாயில் தாத்தா. வயது அறுபதை ஒட்டியிருக்கும். முன்னால் ஒரு பலகை. அதில் இரண்டு ஆணி, ஆணிக்கொன்றாகக் கிளிப்பின் இரு பாதிகள். இடையே நீளும் கயிற்றின் நடு இரண்டு இழைகளைச் சுற்றி ஓர இழைகள் இரண்டும் இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தன.

அறுந்த என் பட்டியை நீட்டினேன். வாங்கி, இரு விரலால் நசுக்கிப் பார்த்தார். "உள்ளுக்கு ஒண்ணுமில்ல தம்பி. நசுக்கினா தட்டையாப் போகுது பாருங்க. நல்ல கயிறு உருண்டையாவே ஈக்கும்." பிறகு தன் சுருளிலிருந்து ஒரு விரற்கடை வெட்டி, உறையைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே வெள்ளை இழைகள் எட்டிப் பார்த்தன. "எண்ணுங்க." ஏழு. ஒவ்வொன்றும் மூன்று நூல் சேர்த்து முறுக்கியது. நரம்பு என்கிறார் அவற்றை.

அந்த ஏழுதான் இந்தக் கயிற்றின் உயிர். பராசூட் குடையையும் குதிப்பவரையும் இணைக்கும் கயிறு இது. அந்தக் காலத்தில் குடைக்கும் கயிற்றுக்கும் பட்டுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வருவது நின்றதும் அமெரிக்கர்கள் நைலோனுக்கு மாறினார்கள். 1935இல் டூபொன்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கியது அது. குதித்து இறங்கிய சிப்பாய்கள் கயிற்றை எறிந்துவிடாமல் வெட்டி வைத்துக்கொண்டார்கள். கூடாரம் கட்டவும் மூட்டை கட்டவும் சப்பாத்து நாடாவாகவும் உதவியது. இராணுவத் தரத்தில் மூன்றாம் வகை என்று குறிக்கப்படுவது 550 இறாத்தல், ஏறக்குறைய 250 கிலோ, தாங்க வேண்டும். அறுவதற்கு முன் 30 சதவீதமாவது நீள வேண்டும். உறை தேய்ந்தாலும் நரம்பு தாங்கும். நரம்பைத் தனியே உருவி எடுத்தால் தூண்டில் நூல், தையல் நூல். எட்டடிக் கயிற்றுக்குள் 56 அடி நூல் ஒளிந்திருக்கிறது. 1997இல் ஹபிள் விண்தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போனவர்களுக்கும் இந்தக் கயிறு கைகொடுத்தது.

தாத்தாவின் அடுத்த சோதனை ஒரு கிளாஸ் தண்ணீர். என் பட்டியில் ஒரு துண்டு, தன் கயிற்றில் ஒரு துண்டு. இரண்டையும் நனைத்துக் காற்றுப் போகப் பிழிந்து உள்ளே போட்டார். அவருடையது அடியில் போய் உட்கார்ந்தது. என்னுடையது மிதந்தது. நைலோன் தண்ணீரைவிடக் கனம். மலிவான பொலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசு. வேதியியல் புத்தகத்தில் உள்ள அந்த விஷயத்தை இவர் கண்டுபிடித்தது துணி ஊறவைத்த வாளியில். நைலோன் நனைந்து காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும், அதனால் பின்னுவதற்கு முன் சுருளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுப்பார். ஒரு தடவை வந்த சுருள் அப்படியே வாளியின் மேல் மிதந்ததாம். சந்தேகப்பட்டு வெட்டிப் பார்த்திருக்கிறார்.

பின்னலுக்கு வருகிறேன். இடது இழை நடு இரண்டின் மேலாக வலப்பக்கம் போகும். வலது இழை அதன் மேல் இறங்கி, நடு இழைகளின் கீழாகச் சென்று, இடப்பக்க வளையத்தில் மேலே வரும். இழுத்தால் அரை முடிச்சு. அடுத்த முறை வலது இழை தொடங்க வேண்டும். மறந்து ஒரே பக்கத்திலிருந்தே போட்டுக்கொண்டு போனால் பட்டி முறுக்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை நாகத்தின் பெயரால் அழைக்கிறார்கள். தாத்தா சதுர முடிச்சு என்கிறார். அவருடைய பிள்ளைப் பருவத்தில் மக்ரமே பெரிய மோகம். பள்ளிக்கூடம் விட்டபின் போன தையல் வகுப்பில் பூச்சட்டி தொங்கவிடும் உறி பின்னக் கற்றிருக்கிறார். நம் அடுக்களைகளில் தயிர்ச்சட்டி தொங்கிய அதே உறிதான். மக்ரமே என்ற பெயரே ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று ஆசிரியை சொல்லித் தந்ததை இன்றும் பெருமையோடு சொல்கிறார். கயிறு அவருக்கு வாப்பா வழியிலும் வந்தது. "எங்கட வாப்பா ஹாபர்ல வேல செஞ்ச. வடம் அறுந்தா இழை கோத்து ஒட்டுவார். வீட்ட வந்தா கையில தார் மணக்கும்."

முடிச்சு எவரும் போடலாம். இறுக்கம்தான் கைப்பழக்கம். முதல் முடிச்சும் ஐம்பதாவது முடிச்சும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டி வளையும். அவருடைய வலது பெருவிரலின் உட்பக்கம் நிறம் மாறிக் காய்த்துப்போயிருக்கிறது. கடைசியில் மிஞ்சும் இரண்டு நுனிகளை வெட்டி, லைட்டரில் காட்டி, உருகியதை ஈரக் கரண்டியின் முதுகால் அழுத்துகிறார். மூன்று செக்கன் வேலை. கரண்டி தேட நேரமில்லாத நாட்களில் அழுத்தியது அந்தப் பெருவிரல்.

வேலைக்கு இடையில் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு அறுணாக்கொடி ஏன் கட்டுகிறோம்? அம்மம்மா சொன்னதைச் சொன்னேன்: கிணற்றிலோ குளத்திலோ பிள்ளை விழுந்தால் கொத்தாகப் பிடித்துத் தூக்கலாம், பாம்பு கடித்தால் அறுத்துக் கட்டலாம். தங்கள் பிள்ளைகளுக்கும் கறுத்த நூலில் தாவீசு கட்டியதைச் சொன்னார். உடம்பிலேயே ஒரு கயிறு இருக்கட்டும் என்ற நினைப்பு எல்லா வீட்டிலும் இருந்திருக்கிறது. ஆனால் பாம்புக்கடிக்குக் கயிறு கட்டி இறுக்கக் கூடாது என்கிறது இன்றைய மருத்துவம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரத்தம் நிறுத்தவும் இந்த மெல்லிய கயிறு ஏற்றதல்ல, சதையைச் சிதைத்துவிடும். மலையேறுகிறவர் தன் பாரத்தைத் தொங்கவிடவும் கூடாது. 250 கிலோ என்பது அசையாமல் தொங்கும் பாரத்துக்கான கணக்கு. விழுகிற மனிதனின் வேகத்துக்கு அல்ல. இவற்றைப் பட்டியின் அட்டையில் எவரும் அச்சடிப்பதில்லை.

2016 மே மாத வெள்ளத்தில் தாத்தா வெல்லம்பிட்டியில் மகள் வீட்டில் இருந்தார். பின்னி முடித்த பதினைந்து பட்டி, கயிறும் கிளிப்பும் தந்து பின்னவைக்கும் முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது, ஒரு சீலைப் பையில். இரவு தண்ணீர் வாசலைத் தாண்டியது. பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு வள்ளத்தோடு வந்தான். நீரோட்டத்தில் வள்ளம் நிற்கவில்லை, ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். தாயும் மகளும் பட்டிகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். தானே இறுக்கிய முடிச்சு. டோர்ச் வெளிச்சத்தில், நனைந்த விரலால். "ஒவ்வொரு முடிச்சா நகத்தால கெளப்பணும். நகம் பிஞ்சு ரெத்தம். மூணாவது அவுக்கக்குள்ள தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டுது." கடைசியில் பொடியன் எங்கிருந்தோ கிணற்றுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினான். பேரப்பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கி வள்ளத்தில் கொடுத்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு முதலாளி அந்த மூன்று பட்டிகளின் கயிற்றுக்கும் கிளிப்புக்கும் காசு பிடித்துக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் ஏறவில்லை. எனக்கு ஏறுகிறது. கயிறு அவருடையது அல்ல, கிளிப் அவருடையது அல்ல, விலை போடுகிறவர் அவர் அல்ல. இறக்குமதிச் செலவு கூடினால், டொலர் ஏறினால், கடைக்காரர் கழிவு கேட்டால், கடைசியில் குறைக்கக்கூடிய ஒரே தொகை பின்னுகிற கையின் கூலி. பத்துப் பட்டி பின்னிக் கிடைக்கும் கூலிக்கு ஒரு பட்டியைக் கடையில் வாங்க முடியாது என்கிறார். தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி சம்பளத்தில் 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். வீட்டுப் பாயில் உட்கார்ந்து செய்தால் நடைமுறையில் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் மற்றத் தொழிலாளரைப் போன்ற உரிமை வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. இந்த நகரத்தின் தொடர்மாடிகளில் பொத்தான் தைக்கிற, மணி கோக்கிற, கடதாசிப் பை ஒட்டுகிற பெண்களை எந்தப் பேரேட்டில் தேடுவது? கூலி சில்லறையாக இருப்பதால் வேலையும் சில்லறை என்று நினைத்துவிடுகிறோம்.

வாளியில் மிதந்த அந்தச் சுருளை என்ன செய்தார் என்று கேட்டேன். திருப்பிக் கொடுத்திருக்கிறார். "பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, பின்னுங்க எண்டு சொன்னார். எனக்குத் தெரியுமே எண்டு சொன்னேன்." இரண்டு மாதம் வேலை வரவில்லை. அந்த இரண்டு மாதமும் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்து ஓட்டியிருக்கிறார். அந்தச் சுருள் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கும், அங்கே பட்டியாகிக் கடைக்கும் போயிருக்கும். அப்படியொரு சுருளைத்தான் நான் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வெள்ளத்துக்குப் போயிருக்கிறேன்.

பேத்தி பிளேன்டி கொண்டுவந்தாள். 2016இல் வள்ளத்துக்குத் தூக்கிக் கொடுத்த பிள்ளை. இப்போது பள்ளிக்கூடம் போகிறவள், கையில் ஒரு பட்டி. மற்றவற்றைவிட அது கொஞ்சம் தடிப்பு, பின்னல் சங்கிலிபோல. விற்பனைக்கு இல்லை என்றார் தாத்தா. வெள்ளத்துக்குப் பிறகு பல இரவு யோசித்துக் கண்ட பின்னல் அது. எங்கிருந்து பிடித்தார் என்று கேட்டபோது மூலையில் இருந்த அரிசிப் பையைக் காட்டினார். பையின் வாயில் சங்கிலித் தையல். சரியான நூலைப் பிடித்து இழுத்தால் முழு வாயும் ஒரே இழுவையில் பிரிந்துவிடும். முடிச்சே இல்லை, ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம், கடைசி வளையத்தில் மட்டும் ஒரு பூட்டு. முதலாளிக்கு ஒன்று பின்னிக் காட்டியிருக்கிறார். பார்வைக்கு மொத்தமாக இருக்கிறது, போகாது என்று சொல்லிவிட்டாராம்.

பேத்தி கிளிப்பைக் கழற்றி, பூட்டை எடுத்து, நுனியைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று ஒரு சத்தம். பிளேன்டிக் கோப்பையை நான் வாயிலிருந்து இறக்கு முன்னே கயிறு முழுவதும் சீமெந்துத் தரையில் கிடந்தது.

தாத்தா அதை எடுத்து இரண்டாக மடித்து, பலகையின் ஆணியில் மாட்டி, நுனிகளை என்னிடம் தந்தார். "இப்ப நீங்க போடுங்க." முதல் வளையத்துக்குள் இரண்டாவதை நுழைத்து, பழக்கத்தில் பலமாக இழுத்தேன். என் கையின் மேல் தன் கையை வைத்து நிறுத்தினார்.

"அவ்வளவு இறுக்காதீங்க தம்பி. கழரணும்."