யாரும் உட்காராத இருக்கைகள்

சிலி நாட்டுக் கால்பந்து அணி சொந்த மண்ணில் முக்கியமான ஆட்டம் ஆடும் நாளில் சாந்தியாகோ நகரின் தேசிய ஸ்டேடியத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏறத்தாழ 48,000 பேர் கொள்ளும் அந்த அரங்கு சிவப்புச் சட்டைகளால் நிறைந்துவிடும். அந்தச் சிவப்புக்கு நடுவே, வடக்குக் கேலரியில், ஒரு சிறு பகுதி மட்டும் வெறுமையாகக் கிடக்கும். அங்கே இருப்பவை பழைய மரப் பலகைகள். வெயிலில் வெளுத்து, விளிம்பு தேய்ந்து, சாய்ந்துகொள்ள முதுகுப் பலகைகூட இல்லாதவை. சுற்றிலும் தடுப்பு. அந்த இடத்துக்கு யாருக்கும் டிக்கெட் விற்பதில்லை. நினைவில்லாத மக்களுக்கு எதிர்காலமும் இல்லை என்று பொருள்படும் ஸ்பானிய வாசகம் ஒன்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

1973ஆம் ஆண்டில் இதே பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ரசிகர்கள் இல்லை, கைதிகள்.

கொண்டாட்டத்துக்காகக் கட்டியது

சாந்தியாகோவின் ஞூஞோவா பகுதியில் இருக்கும் இந்த ஸ்டேடியத்தை 1938 டிசம்பர் 3ஆம் தேதி ஜனாதிபதி அர்த்துரோ அலெசாந்திரி திறந்துவைத்தார். பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியத்தை மனத்தில் வைத்து எழுப்பிய கட்டடம் இது. முதல் ஆட்டத்தில் உள்ளூர் கோலோ-கோலோ அணி, பிரேசிலின் சாவோ கிறிஸ்தோவாவோ அணியை 6-3 என்று தோற்கடித்தது. நகரத்துக்குப் பிள்ளையார் சுழி நன்றாகத்தான் விழுந்தது.

1962இல் உலகக் கோப்பை சிலிக்கு வந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1960 மே மாதத்தில், நாட்டின் தென்பகுதியை உலுக்கிய நிலநடுக்கம் இன்றுவரை கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது. ஊர்கள் தரைமட்டமாகியிருந்த நிலையிலும் போட்டியைக் கைவிட மாட்டோம் என்று நின்றவர் அமைப்புக் குழுத் தலைவர் கார்லோஸ் டிட்போர்ன். போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது அவர் மாரடைப்பில் இறந்துபோனார். இன்று ஸ்டேடியத்தை ஒட்டிய சாலை ஒன்றுக்கு அவர் பெயர்.

அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி சிலியும் இத்தாலியும் இங்கே மோதிய ஆட்டம் பந்தைவிட ஆளை உதைத்த ஆட்டமாகப் பெயர் வாங்கியது. இரண்டு இத்தாலிய வீரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காவலர்கள் திடலுக்குள் இறங்க வேண்டியிருந்தது. சிலி 2-0 என்று வென்றது. நடுவராக இருந்த இங்கிலாந்தின் கென் ஆஸ்டன்தான் பின்னாளில் மஞ்சள், சிவப்பு அட்டை முறையை யோசித்தவர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் எலாடியோ ரோஹாஸ் அடித்த கோலால் யூகோஸ்லாவியாவை சிலி வீழ்த்தியது. உலகக் கோப்பையில் அந்நாடு எட்டிய உச்சம் இன்றும் அதுதான். மறுநாள் இறுதியாட்டத்தில் பிரேசில் 3-1 என்று செக்கோஸ்லோவாக்கியாவை வென்று கோப்பையைத் தூக்கியது.

அறுபது நாட்களுக்குச் சற்றுக் குறைவாக

1973 செப்டம்பர் 11ஆம் தேதி ராணுவம் ஜனாதிபதி சல்வடோர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. அயெந்தே மாளிகைக்குள்ளேயே உயிரிழந்தார். ஆட்சி ராணுவத் தளபதி ஜெனரல் பினோசேயின் கைக்குப் போனது. மறுநாளே தேசிய ஸ்டேடியத்தின் கதவுகள் கைதிகளுக்காகத் திறந்தன. தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், ஆசிரியர்கள், வெளிநாட்டினர் என்று லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்த மாதமே செஞ்சிலுவைச் சங்கத்தினர் வந்து பார்த்தபோது உள்ளே சுமார் 7,000 பேர் இருந்தார்கள்.

வீரர்கள் உடை மாற்றும் அறைகளிலும் கேலரிக்கு அடியில் உள்ள நடைவழிகளிலும் இரவில் அடைத்தார்கள். வெறும் சிமெண்ட் தரை. ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு படுக்க வேண்டும். பகலில் கேலரிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகமூடி போட்ட ஒருவன் வரிசை வரிசையாக நடந்து வந்து ஆளைக் காட்டிக்கொடுப்பான். விரல் நீண்டவர்களை விசாரணைக்கு இழுத்துப் போவார்கள். விசாரணையும் சித்திரவதையும் நடந்தது பக்கத்தில் உள்ள சைக்கிள் பந்தயத் திடலில். பெண்களை நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறையில் வைத்திருந்தார்கள். வெளியே கிரேசியா அவென்யூவில், வாயிற்கம்பியைப் பிடித்தபடி தாய்மார்களும் மனைவிமார்களும் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கையில் சாப்பாட்டு மூட்டை, போர்வை, ஒரு பெயர். அந்தப் பெயர் உள்ளே இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமலே பலர் வீடு திரும்பினார்கள்.

கொல்லப்பட்டவர்களில் சார்லஸ் ஹார்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரும் ஒருவர். அவருடைய கதைதான் 1982இல் ‘மிஸ்ஸிங்’ என்ற படமாக வந்தது. பாடகர் விக்டர் ஹாராவும் இங்கேதான் கொல்லப்பட்டார் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அவர் உயிர் பிரிந்தது நகரின் வேறொரு உள்ளரங்கில். அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எதிரணி இல்லாத ஆட்டம்

இந்தச் சமயத்தில்தான் 1974 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் சிலியும் சோவியத் யூனியனும் மோத வேண்டியிருந்தது. மாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் 0-0. அடுத்த ஆட்டத்துக்குக் குறித்த இடம் இந்த ஸ்டேடியம். ரத்தம் சிந்திய இடத்தில் ஆட மாட்டோம் என்றது சோவியத் அணி. நிலைமையைப் பார்க்க அக்டோபரில் பிஃபா தன் பிரதிநிதிகளை அனுப்பியது. அவர்கள் புல்தரையில் நடந்து பார்த்தபோது, காலடியில் இருந்த அறைகளில் கைதிகள் வாய் திறக்க முடியாமல் அடைந்து கிடந்தார்கள். எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று அறிக்கை போனது.

நவம்பர் 9ஆம் தேதிக்குள் ஸ்டேடியத்தைக் காலி செய்தார்கள். மிஞ்சிய கைதிகள் பலரை வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் இருந்த சகாபுகோ என்ற கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க ஊருக்கு அனுப்பினார்கள். நவம்பர் 21ஆம் தேதி சிலி அணி மட்டும் திடலில் இறங்கியது. விசில் ஒலித்தது. எதிரே யாரும் இல்லை. நான்கைந்து பேர் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போக, கேப்டன் பிரான்சிஸ்கோ வால்தேஸ் அதைக் காவலற்ற வலைக்குள் உருட்டிவிட்டார். கால்பந்து வரலாற்றில் இதைவிட வெட்கக்கேடான கோல் ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை அடித்த கால்களை நான் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கிகளுக்கு நடுவே இறங்கிய இளைஞர்கள் அவர்கள்.

அன்று ஆடியவர்களில் கார்லோஸ் கஸெலியும் ஒருவர். உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன் அணியை வழியனுப்ப வந்த பினோசே கை நீட்டியபோது, கஸெலி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தாயைப் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தார்கள். 1988இல் பினோசே நீடிக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, அந்தத் தாய் தொலைக்காட்சியில் தோன்றித் தனக்கு நடந்ததைச் சொன்னார். பக்கத்தில் மகன் இருந்தார். ‘வேண்டாம்’ என்றது நாடு.

திரும்பி வந்தவர்கள்

1990 மார்ச் 12ஆம் தேதி, புதிய ஜனாதிபதி பாத்ரிசியோ அய்ல்வின் பதவியேற்ற மறுநாள், மக்கள் இதே ஸ்டேடியத்தில் கூடினார்கள். காணாமல் போனவர்களின் பெயர்கள் ஸ்கோர் பலகையில் ஒளிர்ந்தன. சிலியின் தேசிய நடனமான குவெக்கா, ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசியபடி இணைந்து ஆடுவது. அன்று பெண்கள் அதைத் தனியாக ஆடினார்கள். ஜோடி நிற்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

இந்தக் கட்டடத்தை இடித்திருக்கலாம். பூட்டி வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கலாம். சிலி மக்கள் வேறு வழியைத் தேர்ந்தார்கள். 2003இல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். பின்னர் கேலரி முழுக்கப் புது இருக்கைகள் போட்டபோது, எஸ்கோத்தியா 8 என்ற எட்டாம் வாயிலின் பலகைகளை மட்டும் தொடவில்லை. ஆட்டமும் நிற்கவில்லை. 2015 ஜூலை 4ஆம் தேதி, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் இறுதியாட்டம் கோல் எதுவும் விழாமல் பெனால்டிக்குப் போனது. அலெக்சிஸ் சான்செஸ் அலட்டாமல் பந்தை மெல்லத் தூக்கிவிட, அர்ஜென்டினாவை வென்று சிலி தன் முதல் பெரிய பட்டத்தைப் பெற்றது. அழுதவர்களில் முடி நரைத்தவர்கள் பலர்.

சாவு விழுந்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் போனவருக்கு ஓர் இடம் விட்டுத்தான் பந்தி போட வேண்டும். அந்தப் பலகைகள் அப்படி விட்ட இடம்.

போகிறவர்களுக்கு

மெட்ரோவின் ஆறாம் தடத்தில் ஸ்டேடியத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. பயணத்துக்கு ‘பிப்’ அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே யுனிவர்சிதாத் தே சிலி அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை ஆடுகிறது. அந்த நாட்களில் எதிரணிச் சட்டை வேண்டாம். வாசலில் சோபைப்பியா சூடாகக் கிடைக்கும். பூசணிக்காய் சேர்த்துப் பிசைந்த மாவை எண்ணெயில் பொரித்தது, நம் ஊர்ப் பூரிக்குத் தூரத்துச் சொந்தம். கிழக்கே ஆண்டிஸ் மலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் கேலரிக்குப் பின்னால் பனி மூடிய சிகரங்கள் பளிச்சென்று தெரியும். செப்டம்பர் 11 மாலை கிரேசியா அவென்யூ வாயிலில் மெழுகுவத்தி ஏற்ற மக்கள் கூடுவார்கள்.

நினைவிடங்களைச் சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் உண்டு. முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். எட்டாம் வாயிலுக்குக் கீழே உள்ள நடைவழிச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கைதிகள் கீறிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. ஆணியாலோ நகத்தாலோ, யாரோ தான் இருந்ததைச் சொல்ல முயன்ற கோடுகள்.

முடிந்தால் இரண்டு முறை போங்கள். பகலில் அந்தச் சுவருக்காக ஒரு முறை. இரவில் ஆட்டத்துக்காக ஒரு முறை. தேசிய கீதத்தின் இசை பாதியில் நின்ற பிறகும் கூட்டம் தன் குரலிலேயே பாடி முடிக்கும். அப்போது வடக்குக் கேலரியைத் திரும்பிப் பாருங்கள். பாடாத அந்தப் பலகைகளுக்கும் சேர்த்துத்தான் மற்றவர்கள் பாடுகிறார்கள்.