சல்லிக் கரைக்கு ஒரு சின்னம்

எங்கட திருகோணமலைச் சல்லிக் கடற்கரையைத் துப்புரவாக்கும் பிள்ளைகள் தங்கள் குழுவுக்கு ஒரு சின்னம் வேணும் என்கிறார்கள். ஏழு நிறமும் மினுக்கமும் வேண்டாம், தம்பி தங்கச்சிமாரே. 1961இல் உலக வனவிலங்கு நிதியத்துக்குப் பீட்டர் ஸ்கொட் வரைந்த பண்டாவைப் பாருங்கள்: கறுப்பும் வெள்ளையும்தான். அச்சுச் செலவும் குறைவு. 1970இல் கேரி அண்டர்சன் என்ற மாணவர் வரைந்த மூன்று அம்பு மீள்சுழற்சிக் குறியை ஆரும் பாவிக்கலாம். அதனால்தான் அது உலகெங்கும் போனது.

எங்களுக்கும் ஒற்றை நிறம் போதும். வள்ளத்தின் பக்கத்தில் தூரிகையால் கீறினாலும், வட்ஸ்அப்பில் நகமளவாய்த் தெரிந்தாலும் உரு குலையக்கூடாது. திருகோணமலையில் தமிழும் சிங்களமும் ஒரே அளவு எழுத்தில் நிற்கட்டும். ஒன்று மற்றதன் காலடியில் வேண்டாம். கடலைக் காக்கிற குழு பிளாஸ்டிக் பனர் அடிக்கவே கூடாது. துணியில் எழுதுங்கள், அடுத்த வருசமும் கட்டலாம். நிறம், எழுத்துரு, சுற்றிவர விடும் இடைவெளி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எல்லாருக்கும் குடுங்கள்.