பழுதாக முன்னம்

புளியங்கூடலில் ஒரு அக்கா சிறிய கடையொன்று நடத்தி வருகின்றார். போட்டோப்பிரதி, தட்டச்சு, சாமத்திய வீட்டு அழைப்பிதழ், பரீட்சை விண்ணப்பம், அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று ஊருக்குத் தேவையான வேலைகள் எல்லாம் அங்கே நடக்கும். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு கணனியில்தான் தங்கியிருந்தது.

கணனி வாங்குவதற்கான வாழ்வாதாரக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தவள் நான். கணனிக்கு இவ்வளவு, பிரின்டருக்கு இவ்வளவு, மேசைக்கு, பெயர்ப்பலகைக்கு, ஏன், திறப்பு விழா மங்கள விளக்குக்குக்கூட ஒரு தொகை எழுதினேன். பராமரிப்பு என்று ஒரு சதமும் எழுதவில்லை. சமூகவியல் படித்தவளுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், தையல் மெசினுக்கு எண்ணெய் விட வேண்டுமென்பது அம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரிந்துதானே இருந்தது!

2024 ஆவணியில் அயலில் ஒரு பெரியவர் காலமானார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கும் வேலை அக்காவிடம் வந்தது. கனடாவிலும் சுவிசிலும் இருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்த வீட்டு ஆச்சி நான்கு பின்னேரம் கடையில் கதிரை போட்டிருந்து, நான்கு தலைமுறை வம்சாவளியைச் சொல்லச் சொல்ல அக்கா நேரே கணனியில் அடித்தார். கையெழுத்துப் பிரதி கிடையாது. இருபத்தேழாம் நாள் காலை கணனி இயங்கவில்லை. “டிக், டிக்” என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி பண்ணைப் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். பெட்டியைக் கழற்றியதும் எல்லோரும் ஒரு அடி பின்னுக்கு நின்றோம். உள்ளே கம்பளம் விரித்தது போலத் தூசு. காற்றாடி சுற்றாமல் இறுகிப் போயிருந்தது. திருகாணிகளில் கறள். மூலையில் காய்ந்துபோன ஒரு பல்லி.

“எப்ப கடைசியாத் துப்பரவாக்கினது அக்கா?”

“வேலை செய்துகொண்டுதானே இருந்தது தம்பி, பிறகு ஏன் அதைத் திறப்பான்?”

மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். ஒன்றும் இருந்தது. அதன் பற்றரி எப்போதோ செத்து, வெறும் பிளக் பெட்டியாகக் கிடந்திருக்கின்றது. இவ்வகைப் பற்றரிகள் இரண்டு, மூன்று வருடத்தில் பலமிழந்துவிடும் என்று தம்பி சொன்னார். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாறான திடீர் வெட்டு ஒவ்வொன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் வன்தட்டுக்கு ஒரு அடி. அதோடு வெப்பமும் சேர்ந்தால் அது எவ்வளவு நாள் தாங்கும்?

வன்தட்டிலிருந்து விபரங்களை மீட்க வேண்டுமென்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதற்குக் கேட்கப்படும் தொகையில் பழைய கணனி ஒன்றே வாங்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்றார் தம்பி. அக்கா அழவில்லை. இரவல் மடிக்கணனி ஒன்றோடு ஆச்சி வீட்டுக்குப் போய் இருந்தார். நானும் போனேன். ஆச்சிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. முதல் முறை சரளமாகச் சொன்ன பெயர்களில் சில இரண்டாம் முறை வரவில்லை. “நான் சொல்லிப்போட்டன் தானே பிள்ளை, அதுக்குள்ள கிடக்கும் பாருங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கல்வெட்டு குறித்த நாளில் வந்தது. பெரியவரின் பாட்டன் வழியில் ஒரு கிளை மட்டும் அதில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இந்த விடயத்தில் ஒரு பிடிவாதம். தீவுப் பகுதியில் கணனி வைத்திருப்பது வேறு, நகரத்தில் வைத்திருப்பது வேறு. சோழகக் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் சன்னலால் வந்து எல்லாவற்றிலும் படியும். உப்புப் படிந்த இடம் ஈரத்தை இழுக்கும், ஈரம் கறளைக் கொண்டுவரும். கடலுக்குப் போய்வருபவர்கள் வெளியிணைப்பு இயந்திரத்துக்குள் நன்னீர் ஓடவிட்டுக் கழுவுவதை நாம் காண்கின்றோம். பழுதான பிறகு கழுவுவோம் என்று அவர்கள் இருப்பதில்லை. அதே வீட்டுப் பெண் கணனி வைத்தால் மட்டும் ஏன் பழுதாகும்வரை காத்திருக்கின்றோம்?

தூசு மட்டுமல்ல. 2017 வைகாசியில் வன்னாகிறை என்ற தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணனிகளைப் பூட்டியது. பிரித்தானியாவின் வைத்தியசாலைகளும் தப்பவில்லை. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்னமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். நம் ஊர்க் கடைகளில் பலவற்றில் இருக்கும் விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவசத் திருத்தங்களும் 2025 ஐப்பசி 14 உடன் நின்றுவிட்டன. இதையெல்லாம் கடைக்காரியே கவனித்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவருக்கு வாடிக்கையாளர் இருக்கின்றார், அடுப்பு இருக்கின்றது, பிள்ளை இருக்கின்றது.

எனவே அக்காவின் கடையையும் வேலணைப் பக்கத்தில் பெண்கள் நடத்தும் வேறு இரண்டு கடைகளையும் சேர்த்து அந்தத் தம்பியோடு பேசினோம். ஒரு கடைக்காக அவர் பாலம் கடந்து வந்தால் பெற்றோல் காசே கட்டாது. மூன்று கடை என்றால் ஒரே நாளில் முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து தூசு ஊதி, காற்றாடி பார்த்து, பற்றரி சோதித்து, திருத்தங்கள் போட்டு, எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். உதிரிப்பாகத்துக்கு வேறு காசு. இவை அனைத்தையும் ஒற்றையில் எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். எழுத்தில் வாங்குமாறு நான் வற்புறுத்தியதற்குக் காரணமுண்டு. முன்பு எங்கள் அலுவலகம் ஒரு நிறுவனத்துக்கு வருடப் பணம் முழுவதையும் முற்கூட்டியே கட்டியது. அவர்கள் வந்தது ஒரே ஒரு தடவைதான். ஆகவே பணம் வரவுக்கு வரவுதான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கணனியைக் கிழமையில் ஒரு நாள் மட்டும் திறக்கும் சிறு சங்கங்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஒரு துணி உறையும் மாதமொரு பிரதியும் அவர்களுக்குப் போதும்.

அக்கா ஒரு பால்மா ரின்னில் துளை போட்டு மேசையில் வைத்திருக்கின்றார். நாளாந்த போட்டோப்பிரதி வருமானத்தில் ஐம்பது ரூபா அதற்குள் விழும். தம்பி வரும் நாளில் அதைத்தான் கொட்டி எண்ணுவார். வெளி வன்தட்டைக் கடையில் வைப்பதில்லை. வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே இருக்கின்றது.

போன தடவை தம்பி வந்தபோது நானும் நின்றேன். பெட்டியைத் திறந்தார். கொஞ்சம் தூசுதான் இருந்தது. யூ.பி.எஸ். பற்றரி மட்டும் அடுத்த முறை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அக்கா கொப்பியில் அதைக் குறித்துக்கொண்டு, “ஆனிக் காற்றுத் தொடங்க முன்னம் வாங்கோ தம்பி” என்று சொல்லித் தேநீர் வைக்கப் போனார்.