புகையான்

மதுரை மாநகரினின்று சோழவந்தானை நோக்கிச் செல்வோர் வழிநெடுக நெல்வயல்களைக் காண்பர். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே வந்து வைகையிற் கலந்து இவ்வயல்களை வளப்படுத்துகின்றது. கதிர் முற்றும் பருவத்தில், சிற்சில ஆண்டுகளில், இவ்வயல்களின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் கருகி நிற்கும். தீயும் இல்லை, புகையும் இல்லை. இவ்வழிவைச் செய்யும் சிற்றுயிர்க்கு உழவர் இட்ட பெயர் புகையான் என்பது. செயலைக் கண்டு பெயரிட்ட அவர்தம் சொல்வன்மைதான் என்னே! 1854ஆம் ஆண்டில் ஸ்டால் என்னும் சுவீடன் நாட்டறிஞர் இதனை விளக்கி, 'லூகன்ஸ்' எனப் பெயரிட்டார். துயருறுவது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். பயிரிழந்த உழவர்க்கன்றோ அப்பெயர் பொருந்தும்!

புகையான் நெல்மணியினும் சிறியது; பழுப்பு நிறமுடையது. வயலில் தாவுவன எல்லாம் புகையான் அல்ல. பச்சைத் தத்துப்பூச்சி இலைமேல் அமரும். அதன் நிறமே அதனைக் காட்டிக் கொடுக்கும். புகையானோ தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கூட்டமாய் ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு நோக்கின், பின்னங்காலில் அசையும் முள்ளொன்று தோன்றும். தத்துப்பூச்சிக்கு அம்முள் இல்லை. குறுஞ்சிறகு உடையன, நெடுஞ்சிறகு உடையன என இதில் இருவகை உண்டு. குறுஞ்சிறகின இருந்த இடத்திலேயே பல்கும். கூட்டம் மிகுந்து பயிர் வற்றுங்கால் நெடுஞ்சிறகின தோன்றிப் பறந்து செல்லும். சீனத்தினின்று கடல்கடந்து சப்பான் நாட்டையும் இவை ஆண்டுதோறும் காற்றோடு சென்றடைகின்றன. இத்துணைச் சிறிய உடலுக்கு அஃது எத்துணை நெடிய வழி!

பயிர் கருகக் கண்டவுடன் மருந்தை மேலே தெளித்தல் பலர் வழக்கம். அம்மருந்து தூரடியை எட்டுவது அரிது. புகையானைத் தின்னும் சிலந்திகளே அதனால் மடியும். பின்னர்ப் புகையான் முன்னினும் பல்கிப் பெருகும். இந்தோனேசிய அரசு இதனை உணர்ந்து, 1986ஆம் ஆண்டில் 57 வகை மருந்துகளை நெல்வயலில் தெளிக்கலாகாது எனத் தடுத்தது. தழைச்சத்து உரத்தை அளவோடு இடுதலும், நீரை வடித்து வயலைக் காயவிடுதலும், நடவின்போதே இரண்டரை மீட்டருக்கு ஓர் அடி இடைவெளி விட்டு நடுதலும் நம் நாட்டு வேளாண் அறிஞர் கூறும் வழிகள். காற்றும் வெயிலும் தூரடியில் புகின் புகையானுக்கு அவ்விடம் ஒவ்வாது.

ஆதலின் உழவர் வரப்பில் நின்று பார்த்தல் போதாது. வயலில் இறங்கிப் பயிரை விலக்கித் தூரைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நீர்மேல் விழுவனவற்றை எண்ணிக் கிளைக்கு ஒன்று இருப்பின் மருந்திடலாம். தூருக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், கிளைக்கு இரண்டாகும் வரை பொறுக்கலாம்.