வெள்ளைச் சட்டையின் சாட்சி



நம் சபையின் புகைப்படக்காரர் யார் என்று எவரேனும் கேட்டால் நீங்கள் சிரித்துக்கொண்டே என்னைத்தான் காட்டுவீர்கள். ஞானஸ்நானமோ, திடப்படுத்தலோ, ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவோ, அங்கியைக் கழற்றிய கையோடு கேமராவை எடுத்துவிடும் வழக்கம் எனக்குண்டு. இந்த வாரம் அந்தக் கேமராவில் உள்ள ஓர் அமைப்பைப் பற்றி எழுதுகிறேன். அதை நான் தவறாகக் கையாண்ட ஒரு நாளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல மாதங்களாகத் தயங்கி, சம்பந்தப்பட்ட அம்மாவின் அனுமதி பெற்றபின் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அந்த அமைப்புக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். ஒரு வெள்ளைத் தாளைக் குண்டு பல்பின்கீழ் பிடித்தால் அதிலிருந்து நம் கண்ணுக்கு வருவது உண்மையில் மஞ்சள் ஒளியே. ஆயினும் நாம் அதை வெள்ளைத் தாள் என்றே காண்கிறோம். மாலை மயங்கும் நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது வீடுகளின் சன்னல்களைக் கவனியுங்கள். உள்ளே எரியும் விளக்கு ஆரஞ்சுப் பழம்போல் தோன்றும். அதே வீட்டுக்குள் சென்று சற்று நேரம் அமர்ந்தால் அந்த நிறம் மறைந்துபோகும். கண்ணும் மனமும் பழகிக்கொள்கின்றன. கேமராவுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இந்த ஒளியில் வெள்ளை எது என்பதை நாம் அதற்குக் காட்டவேண்டும். காட்டியபின், சிவப்பையும் நீலத்தையும் கூட்டியோ குறைத்தோ அது அந்த வெள்ளையைச் சரிசெய்யும். மற்ற நிறங்களும் அதனோடு தத்தம் இடத்துக்கு வந்துசேரும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிக்கிறார்கள். 1824-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த வில்லியம் தாம்சன் என்பவரே பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். குண்டு பல்பு 2,800. நண்பகல் வெயில் 5,500. வானம் மட்டும் ஒளிதரும் நிழலிடம் 7,000-க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கேமராவைத் தானியங்கியில் விட்டுவிட்டால் அதுவே ஊகித்துக்கொள்ளும். காட்சியில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் நடுநிலையான சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது அதன் பழைய கணக்குகளில் ஒன்று. புதுச்சேரியில் இந்தக் கணக்கு அடிக்கடி தோற்றுப்போகும். டூமா வீதியில் மஞ்சள் சுவரின்முன் ஒருவரை நிறுத்திப் படமெடுங்கள். சுவரின் மஞ்சளை ஒளியின் மஞ்சள் என்று எண்ணிக் கேமரா நீலத்தைக் கூட்டும். நிற்பவரின் முகம் சாம்பல் பூத்துப்போகும். ‘வெள்ளை நகரம்’ என்று பெயர்பெற்ற பகுதியில் சுவர்கள் மஞ்சளாயிருப்பது ஒரு வேடிக்கைதான். பிரெஞ்சுக்காரர் வாய்க்காலுக்குக் கிழக்கே வில் பிளான்ஷ் என்றும், மேற்கே நம்மவர் வாழ்ந்த பகுதியை வில் நுவார், அதாவது கறுப்பு நகரம் என்றும் அழைத்தார்கள். எதை வெள்ளைக்கு அளவாக வைத்துக்கொண்டு அப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதவேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆகஸ்டு 6 மறுரூப நாள் அல்லவா? அதையொட்டிய ஞாயிறன்று மாற்கு 9-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். பூமியில் எந்த வெளுப்பவராலும் வெளுக்க இயலாத அந்த வஸ்திரத்தின் வெண்மையைப் பற்றிப் பேசினேன். செமினரியில் கிரேக்கம் படித்த நினைவில், லியூகோஸ் என்ற சொல்லுக்கு வெண்மை, ஒளி ஆகிய இரண்டு பொருளும் உண்டு என்றும் விளக்கினேன். அன்றுதான் நம் சபைப் பெரியவர் ஒருவரின் திருமணப் பொன்விழா ஸ்தோத்திரமும் நடந்தது. ஆராதனை முடிந்து, ஆலய வாசலில், காலை வெயிலில் அவரையும் அம்மாவையும் நிற்கவைத்துப் படமெடுத்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கேமராவில் வெயிலுக்குரிய அமைப்பையே வைத்திருந்தேன்.

அன்றிரவு கணினியில் திறந்தபோது பெரியவரின் முகம் மஞ்சளாயிருந்தது. எதிரே உள்ள மஞ்சள் மதிலிலிருந்து சாயல் அடித்திருக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன். லைட்ரூமில் ஒரு துளிக்குழாய்க் கருவி உண்டு. அதை வெள்ளையான ஒரு பொருளின்மேல் வைத்து அழுத்தினால் போதும். அளவு தானே அமைந்துவிடும். சட்டையின்மேல் வைத்தேன். முகத்தின் மஞ்சள் போகவில்லை. கருவி சரியில்லை என்று நினைத்து, வெப்பநிலைக் கோலைக் கையால் இடப்பக்கம் தள்ளினேன். முகம் நான் அறிந்த முகமாகும்வரை தள்ளினேன். சட்டை இளநீலமாயிற்று. சொட்டுநீலம் சற்று மிகுந்துவிட்ட சட்டை என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என விட்டுவிட்டேன். அருகில் நின்ற அம்மாவின் முகமோ ஒளியிழந்து கருநீலம் பாய்ந்தது. அதையும் கண்டேன். மதிலின் சாயல் என்றால் அது இருவர் முகத்திலும் அல்லவா விழுந்திருக்கவேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு எழவேயில்லை. எனக்கு வேண்டிய முகம் கிடைத்துவிட்டது. அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொடுத்தேன். பெரியவர் மிகவும் மகிழ்ந்தார்.

ஆறு வாரம் கழித்து உடம்பெல்லாம் அரிப்பு என்று மருத்துவரிடம் போனார். பித்தநாளத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த நான்கு மாதத்தில் அவரை அடக்கம் செய்தோம். ஆறு வாரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் வேறுபட்டிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிற்பாடு ஒரு செய்தியைப் படித்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பிலிகேம் என்றொரு கைப்பேசிச் செயலியை உருவாக்கி, 2014-இல் அதைப் பற்றி வெளியிட்டார்கள். பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையைப் புகைப்படத்தின் மூலம் மதிப்பிடுவது அதன் வேலை. படமெடுக்குமுன் குழந்தையின் வயிற்றின்மேல் ஒரு சிறு நிற அட்டையை வைப்பார்கள். அட்டையின் நிறங்கள் முன்பே அறியப்பட்டவை. ஆகவே அறையில் எந்த விளக்கு எரிந்தாலும், ஒளியின் மஞ்சள் எவ்வளவு, தோலின் மஞ்சள் எவ்வளவு என்று பிரித்தறியலாம். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் அப்படியோர் அட்டையை உடுத்திக்கொண்டுதான் என் கேமராவின் முன் நின்றார்.

நினைவு அட்டைக்குப் படம் கேட்டு அம்மா வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல வேளையாக மூலக்கோப்பு அழியாமல் இருந்தது. ரா வடிவில் எடுத்த படத்தில் நாம் செய்யும் திருத்தம் மேற்பூச்சு மட்டுமே; கேமரா கண்டது அடியில் அப்படியே இருக்கும். துளிக்குழாயைச் சட்டையின்மேல் வைத்தேன். சட்டை வெளுத்தது. அம்மாவின் முகம் தெளிந்தது. பெரியவரின் முகம் மஞ்சளாயிற்று. பெரிதாக்கியபோது விழிவெண்மையிலும் அதே மஞ்சள்.

அம்மா கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கும் அவர் கண்ணு மஞ்சளாத்தான் தெரிஞ்சுதுங்க ஐயா. கேட்டேன். புதுசா மாட்டின பல்பு அப்படித்தான் காட்டும்னு சொன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்.”

சற்றுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜெபித்தோம்.

நினைவு அட்டைக்கு மகளின் திருமணத்தில் எடுத்த பழைய படம் போதும் என்றார்கள். எழுந்து வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து, அந்த மஞ்சள் முகப் படத்தில் வேதாகமத்துக்குள் வைக்கும் அளவில் ஒரு பிரதி கேட்டார்கள். மறுநாள் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டமிட்ட பழைய படம் கூடத்துச் சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும் ஐயா. அவருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்.”