நான் எடுத்த குதிரை

போன வருடம் செஸ் டீம் செலக்‌ஷனில் நான் அரைப் புள்ளியில் வெளியே போன கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கேன்டீனில் 'குதிரைக்காரன்' என்று கூப்பிடுவதே அதனால்தான். மீதிப் பேருக்காக எழுதுகிறேன்.

கடைசி ஆட்டம். எதிராளியிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் குதிரை வரிசையில் ஏறி எட்டாவது கட்டத்தைத் தொட்டது. நானும் பெருமையாக ஒரு குதிரையை எடுத்து வைத்தேன். நடுவர் வந்து பார்த்து, "டிரா" என்றார். ஒற்றைக் குதிரையை வைத்து மேட் பண்ணவே முடியாதாம். "ஏம்பா, ராணி எடுத்திருக்கலாமே?" எடுக்கலாம் என்றே எனக்குத் தெரியாது! அதுவரை என் சிப்பாய் எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது தாத்தா. நாகல் நகரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போடுவார். பூட்டுப் பட்டறையிலிருந்து அப்பா கொண்டுவரும் கழிவுச் சாமான்தான் காய்கள். நட்டு சிப்பாய், உடைந்த சாவி மந்திரி. ராணி என்ற பேச்சே கிடையாது. சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேருகிறதோ, அந்தக் காயாகத்தான் மாறும். இது தாத்தா சட்டம்.

அன்று வீட்டுக்குப் போய்க் கத்தினேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்ற திமிர் வேறு. "தெரியாததை எதுக்குத் தாத்தா சொல்லிக் குடுத்தீங்க?" அவர் ஒன்றும் பேசவில்லை. காய் டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பிறகுதான் நூலகத்தில் படித்தேன். சுமார் 1,400 வருடங்களுக்கு முந்தைய நம் சதுரங்கத்தில் மந்திரி பாவப்பட்ட ஆள். குறுக்காக ஒரே கட்டம்தான் நகர்வார். 64 கட்டத்தில் 32 கட்டத்தை ஆயுசுக்கும் மிதிக்க முடியாது. பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய் அங்கே ராணியானார். ஆனாலும் நடை அதே ஒரு கட்டம்! ஆட்டம் நத்தையாக ஊர்ந்தது. 1475-ஐ ஒட்டித்தான் ஸ்பெயின் பக்கம் எட்டுத் திசையிலும் ஓடும் பலத்தைக் கொடுத்தார்கள். 'வெறிபிடித்த ராணி ஆட்டம்' என்று அப்போது கேலி செய்தார்களாம். என்னைக் கேட்டால் இதில் அதிக லாபம் சிப்பாய்க்குத்தான். அரபு ஆட்டத்தில் அத்தனை கட்டம் நடந்து போனவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு கட்ட மந்திரிப் பதவிதானே?

நம் நாட்டில் மந்திரிக்குப் புது ஓட்டம் வந்த பிறகும் சிப்பாய்க்குத் தனிச் சட்டம் இருந்தது. சேர்ந்த வரிசைக்கு ஏற்ற காய். ஆக, தாத்தா சொன்னது தப்பே இல்லை! பஞ்சாபின் மீர் சுல்தான் கானும் முதலில் கற்றது இந்திய ஆட்டம்தான். அவர் 1929-இல் லண்டன் போய் அதே வருடம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். (அவர் புதுச் சட்டத்தைப் போட்டிக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டார். அதுதான் வித்தியாசம்.)

இதையெல்லாம் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எந்த வரிசையில போனாலும் மந்திரி ஆயிரலாமா?" என்றார்.

"ஆகலாம் தாத்தா."

கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தார். புதுச் சட்டப்படியே ஆடினோம். யானை வரிசையில் அவருடைய நட்டு கடைசிக் கட்டம் ஏறியதும் தலையை நிமிர்த்தி, "ஒடஞ்ச சாவி இன்னொண்ணு இருக்காடா?" என்றார்.